பைபோலார் உள்ள அம்மா அப்பாக்களுக்கு: குழந்தை வளர்ப்பில் ஆன்லைன் உதவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைபோலார் எனப்படும் இருமுனை மனநோய் உள்ள பெற்றோர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. டாக்டரிடம் கேட்கத் தயங்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு போனில் தேடும் கேள்விகள்தான் இவற்றில் பாதி. அதனால் ஒன்றையும் மழுப்பாமல் சொல்ல முயன்றிருக்கிறேன்.

பைபோலார் என்றால் என்ன?

மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போய்வரும் நோய். ஒரு பக்கம் மேனியா: தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, திட்டம் மேல் திட்டமாக ஓடும், கையில் இருக்கும் காசு கரையும், யாராவது தடுத்தால் கோபம் பொங்கும். இதன் மிதமான வடிவத்துக்கு ஹைப்போமேனியா என்று பெயர். மறுபக்கம் டிப்ரஷன்: எழுந்து பல் துலக்குவதுகூட மலையாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எல்லாரையும் போல இயல்பாக இருக்கும் காலம் உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. நம் ஊரில் கல்யாணமும் பிள்ளைப்பேறும் நடக்கும் வயதும் அதுதான்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 0.5 சதவீதம் பேருக்கு, அதாவது 200-ல் ஒருவருக்கு, வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வந்திருக்கிறது. நோய் இருப்பவர்களில் 10-க்கு 7 பேர் சிகிச்சை கிடைக்காமலே இருந்தார்கள்.

இந்த நோய் இருந்தால் நல்ல அம்மாவாக, அப்பாவாக இருக்க முடியாதா?

முடியும். மாத்திரையும் தூக்கமும் ஒழுங்காக இருந்து, கூட ஒரு ஆளும் துணைக்கு இருந்தால் பிள்ளைகளை நன்றாகவே வளர்க்கிறார்கள். குழந்தையைப் பாதிப்பது "பைபோலார்" என்ற பெயர் இல்லை. சிகிச்சை இல்லாமல் நீளும் மேனியாவும் டிப்ரஷனும், வீட்டில் யாரும் எதையும் விளக்காமல் மூடிமறைப்பதும்தான் பாதிக்கின்றன. இரண்டையும் மாற்ற வழி இருக்கிறது.

ஆன்லைன் உதவி என்றால் சரியாக எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று வகை உண்டு. நம் வேகத்தில் பார்த்துப் பயிற்சி செய்யும் பாடங்கள் முதல் வகை. ஒரு உளவியல் ஆலோசகருடனோ மனநல மருத்துவருடனோ வீடியோவிலோ போனிலோ பேசுவது இரண்டாவது. இதே நோயோடு பிள்ளை வளர்க்கும் மற்றவர்களோடு பேசிக்கொள்வது மூன்றாவது.

இதெல்லாம் இவர்களுக்கு ஏன் தோதாக இருக்கிறது என்றால், நேரில் நடக்கும் பெற்றோர் வகுப்புக்கு வாரம் தவறாமல் போக வேண்டும், அந்த வாரம் டிப்ரஷனில் இருந்தால் போக முடியாது, இரண்டு வாரம் விட்டால் வெட்கத்தில் மூன்றாவது வாரமும் போக மாட்டோம். ஆன்லைன் பாடம் நாம் திரும்பி வரும்வரை நிறுத்திய இடத்திலேயே இருக்கும். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயமும் இல்லை. சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது உண்மையில் பலன் தருகிறதா, இல்லை வெறும் ஆறுதலா?

பலன் தருகிறது, ஒரு எல்லைக்குள். இங்கிலாந்தில் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் தலைமையில் ஒரு குழு இதை முறையாகச் சோதித்துப் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய 'டிரிபிள் பி' என்ற குழந்தை வளர்ப்புப் பயிற்சி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதோடு பைபோலாரைக் கையாளும் பாடங்களையும் சேர்த்து, முழுக்க இணையத்திலேயே நடக்கும்படி அமைத்தார்கள். 3 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் 97 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு உடனே 16 வாரங்களுக்குப் பயிற்சி, மறுபாதிக்குக் காத்திருப்புப் பட்டியல்.

பயிற்சி பெற்றவர்களின் வீட்டில் குழந்தைகளின் நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை பெற்றோருக்குக் கூடியது, வளர்ப்பு தரும் அழுத்தம் தணிந்தது. 48 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஆனால் பெற்றோரின் மனநிலையிலோ, நோய் திரும்ப வரும் வேகத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான். ஆன்லைன் பயிற்சி உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பதைச் சரிசெய்யும், நோயைச் சரிசெய்யாது. நோய்க்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். இந்தப் பயிற்சியைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

இது ஒரு சிறிய, முதல்கட்ட ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் பெற்றோர் சொன்னதுதான்.

தமிழில் பேச யார் இருக்கிறார்கள்?

முதலில் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண்: 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் ஒரு ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார்கள், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றும் சொல்வார்கள். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணை அழைக்கலாம்.

போன் எடுத்ததும் என்ன சொல்வது என்று தடுமாறுகிறவர்கள் நிறைய. "எனக்கு பைபோலார் இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். மாத்திரை பத்திக் கேக்கல. ஆறு வயசுப் பையன் இருக்கான், அவன்கிட்ட கோபத்தைக் கட்டுப்படுத்த முடியல, அதுக்கு வழி சொல்லுங்க" என்று தொடங்கிவிடுங்கள். நோய், மருந்து, குழந்தையின் வயது, எது பிரச்சினை, இந்த நான்கும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டால் பேச்சு வேறு பக்கம் போகாது.

தனியார் ஆலோசகரை வீடியோவில் பார்ப்பதென்றால், பைபோலார் உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நல்ல ஆலோசகர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பிறகு மனநல மருத்துவர்களும் வீடியோவில் பார்ப்பதற்குத் தெளிவான விதிகள் இருக்கின்றன. அதனால் அது குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம்.

எல்லாருக்கும் சொல்லும் குழந்தை வளர்ப்பு அறிவுரைகள் எனக்கு ஏன் ஒத்துவருவதே இல்லை?

ஏனென்றால் அவை, பெற்றோரின் மனநிலை தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. "ஒரே விதியை எல்லா நாளும் பின்பற்றுங்கள்" என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் மனம் ஏறியிருக்கும் வாரத்தில் அப்பா இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போவார். இறங்கியிருக்கும் வாரத்தில் டம்ளர் கீழே விழுந்ததற்கே சீறுவார். குழந்தைக்கு விதி எது என்றே புரியாது. கொஞ்ச நாளில் அது விதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அப்பா எப்படி இருக்கிறார் என்று எட்டிப்பார்க்கும் குழந்தையை நீங்கள் கவனித்திருக்கலாம்.

அதனால் பைபோலார் உள்ள வீட்டில் விதிகள் குறைவாக இருக்க வேண்டும். எந்த நிலையிலும் காப்பாற்றக்கூடிய மூன்றோ நான்கோ போதும். ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கை. அடி கிடையாது. ஸ்கூலுக்கு யாராவது ஒருவர் கூட்டிப்போவார். கேள்வி கேட்டால் பதில் உண்டு. இவ்வளவுதான். இவற்றை நன்றாக இருக்கும் மாதத்தில் எழுதி, வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் குழந்தை அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

ஆன்லைன் பாடங்களையும் நன்றாக இருக்கும் காலத்தில் தொடங்குவதுதான் சரி. டிப்ரஷனில் கிடக்கும்போது தொடங்கினால் முதல் வீடியோவே "நீ எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறாய்" என்று சொல்வது போலக் கேட்கும்.

படுக்கையை விட்டு எழவே முடியாத காலையில் என்ன செய்வது?

காலை ஆறரை. கண் திறந்திருக்கிறது, உடம்பு வரவில்லை. யூனிஃபார்ம் அயர்ன் பண்ணவில்லை, டிபனுக்கு மாவு இருக்கிறதா என்று யோசிக்கவே முடியவில்லை, குழந்தை வந்து தோளைத் தொட்டு "அம்மா" என்கிறது. இந்த நேரத்தில் புதிதாக எதையும் முடிவெடுக்க முடியாது. ஆகவே முடிவுகள் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கு "குறைந்தபட்ச நாள்" என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பிரெட்டும் வாழைப்பழமும் போதும். முந்தின நாள் யூனிஃபார்ம் போதும். தலை பின்னல் வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும். தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5-ஆம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை என்றால் காலை உணவுத் திட்டத்தில் அங்கேயே சாப்பாடு கிடைத்துவிடும். அதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். பள்ளிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள், அவர் வராவிட்டால் இன்னொரு ஆள் என்று இரண்டு போன் நம்பர். "இன்னிக்கு முடியல" என்ற ஒரு வார்த்தை மெசேஜ் போட்டால் போதும் என்று அவர்களிடம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு விளக்கம் கொடுக்கத் தெம்பு இருக்காது.

மாலையில் குழந்தை வந்ததும் விளையாட முடியாவிட்டாலும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டாலும் சரி. குழந்தைக்கு அது போதுமா என்றால், அந்த நாளுக்குப் போதும்.

மனம் ஏறும்போது எனக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. பிள்ளைகளும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்?

முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும். பிறகு வாக்குறுதிகள் வரும்: சைக்கிள், நாய்க்குட்டி, ஊட்டி டூர். இறங்கும்போது அவை ஒன்றும் நடக்காது, கடன் மட்டும் இருக்கும். குழந்தைகள் ஏமாற்றத்தை மறக்க மாட்டார்கள். வண்டியின் வேகம், எரிச்சல், நள்ளிரவுப் பேச்சு இதெல்லாம் அவர்களைப் பயமுறுத்தவும் செய்யும்.

நன்றாக இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள். போனில் பணம் அனுப்பும் வரம்பை வங்கியில் குறைத்து வைப்பது, பெரிய செலவு எதையும் இரண்டு இரவு தூங்கிய பிறகே செய்வது, தூக்கம் குறைந்தால் பிள்ளைகளை வைத்து வண்டி ஓட்டாமல் இருப்பது. உங்களுக்கே உரிய முன்னறிகுறிகளையும் எழுதுங்கள். ஒருவருக்கு அது விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டை ஒழிக்கத் தொடங்குவது, இன்னொருவருக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரிசையாகப் போடுவது. அந்தப் பட்டியலின் ஒரு பிரதி துணைவரிடம் இருக்கட்டும். அவர் அதைக் காட்டினால் டாக்டரை அழைப்பேன் என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

ராத்திரிதான் எனக்கு நேரம் கிடைக்கிறது. அப்போது ஆன்லைனில் படிக்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். தூக்கம் கெடுவது மேனியாவைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது. தினசரி ஒழுங்கை, குறிப்பாகத் தூங்கி எழும் நேரத்தை, நிலையாக வைத்துக்கொள்வதையே அடிப்படையாகக் கொண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கினார். உதவி தேடுவதாக நினைத்து நோய்க்குத் தீனி போட வேண்டாம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது இருபது நிமிடம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் கேட்கலாம்.

மாத்திரை பற்றி ஆன்லைனில் கேட்டு மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. இதில் இரண்டாவது பேச்சே இல்லை. லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-ல் இதன் பயனை எழுதியதிலிருந்து இன்றுவரை பைபோலாருக்கு முக்கியமான மருந்து இது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்கிறார்கள், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணிக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கத்திரி வெயிலில் உடம்பில் நீர் வற்றுவது, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். உப்பில்லாமல் விரதம் இருப்பதும் அப்படித்தான். விரதமோ நோன்போ இருக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். கை நடுக்கம் திடீரென்று கூடுவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிப்ரஷனுக்கு என்று யாரோ சொன்ன மாத்திரையை வாங்கித் தனியாகச் சாப்பிடுவதும் ஆபத்து. பைபோலார் உள்ளவர்களுக்கு அது மேனியாவைக் கிளப்பிவிடலாம்.

குழந்தையிடம் சொல்ல வேண்டுமா? எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழந்தை தானாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் அந்தக் காரணம் தான்தான் என்று நினைத்துக்கொள்ளும். "நான் மார்க் குறைவா வாங்குனதால அம்மா அழுறாங்க." இதை மனதில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்லாந்தில் டிட்டி சொலான்டாஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர், மனநோய் உள்ள பெற்றோரோடு அவர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதையே ஒரு முறையாக வகுத்தார். நோயைப் பற்றி வீட்டில் பேச முடிவதும், பிள்ளையின் அன்றாட வாழ்க்கை தடையில்லாமல் ஓடுவதும் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பதே அதன் அடிப்படை.

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு மூன்று வாக்கியம் போதும். "அம்மாவுக்கு மனசுல ஒரு நோய் இருக்கு கண்ணு. அது வந்தா ரொம்ப அழுகையா வரும், இல்லன்னா ரொம்பக் கோபம் வரும். நீ எதுவும் பண்ணதால அது வரல, டாக்டர் மருந்து குடுக்குறார்." எட்டு, பத்து வயதில் நோயின் பெயரையே சொல்லலாம். மருந்து ஏன், ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விளக்கலாம். இந்த வயதில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய இன்னொன்று ஒரு போன் நம்பர்: "அப்பா ரொம்ப வித்தியாசமா இருந்தா, உனக்குப் பயமா இருந்தா, சித்திக்குப் போன் போடு. அது அப்பாவைக் காட்டிக் குடுக்குறது இல்ல." பதின்ம வயதுப் பிள்ளைகள் கேட்காமலே நெட்டில் தேடியிருப்பார்கள். என்ன படித்தாய் என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையோ, உங்களைக் கண்காணிக்கும் பொறுப்பையோ பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பெண் பிள்ளைகளிடம் நம் வீடுகளில் இது தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதுப் பெண் சமைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஸ்கூலுக்குப் போவாள், எல்லாரும் "பொறுப்பான பொண்ணு" என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வலிக்கிறது. அவளுக்கு விளையாட நேரம் வேண்டும்.

கோபத்தில் கத்திவிட்டேன், அடித்தும்விட்டேன். இனி என்ன செய்வது?

அமைதியான பிறகு, அன்றே முடிந்தால் அன்றே, குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள்: "நான் அடிச்சது தப்பு. அது உன் தப்பு இல்ல." அதோடு நிறுத்துங்கள். நீண்ட அழுகையும் "நான் மோசமான அம்மா" என்ற புலம்பலும் வேண்டாம், அப்புறம் குழந்தை உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். கோபம் ஏறும் முன் விலகிப்போக ஓர் இடம் வையுங்கள், மொட்டை மாடியோ வாசலோ. குழந்தை தனியாக இருக்கும் என்றால் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அறை வரை போனாலும் போதும். அடிப்பது திரும்பத் திரும்ப நடந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலும் மருந்தளவைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

என் பிள்ளைக்கும் இது வருமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 100-ல் 5 முதல் 10. உலக அளவில் பொதுவாக மக்களிடையே அது 100-ல் 1 அளவில்தான். அதிகம் என்பது உண்மை. அதே கணக்கில் 100-ல் 90 பிள்ளைகளுக்கோ அதற்கும் மேலோ வருவதில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு குறும்பையும் நோயின் அறிகுறியாகப் பார்க்க வேண்டாம். தூக்கமும் படிப்பும் நட்பும் வாரக்கணக்கில் மாறிப்போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது திட்டமிடுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

திட்டமிடும்போதே மனநல மருத்துவரைப் பாருங்கள். வால்புரோயேட் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அதை எடுத்தால் 10 குழந்தைகளில் சுமார் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு, 100-ல் 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கல்கள் ஏற்படுகின்றன. அதற்காகப் பயந்து ஒரே நாளில் எல்லா மருந்தையும் நிறுத்துவதும் ஆபத்து. நோய் வேகமாகத் திரும்பும். மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. பைபோலாரின் கடுமையான வகை உள்ள தாய்மாரில் சுமார் 5-ல் ஒருவருக்கு இந்தக் காலத்தில் தீவிர மனநோய் வருகிறது. மற்ற தாய்மாருக்கு அது 1000-ல் ஒன்றோ இரண்டோதான். தூக்கமே இல்லாமை, குழப்பம், இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் வந்தால் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை போக வேண்டும். காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் ஒன்றாகவே அனுமதித்துச் சிகிச்சை தரும் பிரிவு இருக்கிறது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் நம் வழக்கம் இங்கே பெரிய வரம். அந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: ராத்திரியில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரத் தூக்கம். குழந்தைக்குப் பால் கொடுக்கும் வேலையை அந்த நேரத்துக்கு வேறு யாராவது பார்க்கட்டும். "பிள்ளை பெத்தவ மாத்திரை சாப்பிடக் கூடாது" என்று பாட்டிமார் சொன்னால், அவர்களையும் டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். தாய்ப்பாலும் மருந்தும் சேர்ந்து போகுமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். லித்தியம் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

நோயைக் காரணம் காட்டிக் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா?

இந்தப் பயத்தில்தான் பலர் உதவியே கேட்பதில்லை. சட்டம் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் இருக்கிறது. இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன் 21-ஆம் பிரிவு, சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்கலாம், 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருத முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

விவாகரத்து வழக்கில் குழந்தை யாரிடம் என்பதை நீதிமன்றம் குழந்தையின் நலனை வைத்துத்தான் முடிவு செய்யும். அங்கே ஒழுங்காகச் சிகிச்சை எடுத்ததற்கான சீட்டுகளும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளும் உங்களுக்குச் சாதகம். அவற்றை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

வீட்டில் ஒரே போன். மாமியாருக்குத் தெரியாமல் எப்படிப் பேசுவது?

டெலி மானஸுக்குச் சாதாரண போனே போதும், பேசி முடித்ததும் எண்ணை அழித்துவிடலாம். ஹெட்போன் போட்டுக்கொண்டு கோயில், பூங்கா, மருத்துவமனைக் காத்திருப்பு அறை என்று எங்கிருந்தும் பேசலாம். ஆலோசகரிடம் "எனக்கு மெசேஜ் போடாதீங்க, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். மற்ற பெற்றோரோடு ஆன்லைனில் பேசும்போது குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளி மூன்றையும் தராதீர்கள். நீங்கள் எழுதியதை அந்தப் பிள்ளை பதினாறு வயதில் படிக்கலாம்.

எப்போது ஆன்லைனை விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால். குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால், அல்லது "நான் போனா என் பிள்ளையும் கூட வரணும்" என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால். இரண்டு மூன்று இரவு தூங்காமலும் களைப்பே இல்லாமல் இருந்தால். இல்லாத குரல் கேட்டால். இந்த நிலையில் குழந்தையை வேறு பெரியவரிடம் விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைக்கு உதவி வேண்டுமென்றால் 1098. குழந்தையே கூட அந்த எண்ணை அழைக்கலாம்.

எனக்கு நோய் இல்லை. என் மனைவிக்கு, அல்லது கணவருக்கு இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

முதலில், நீங்களும் அந்தப் பாடங்களைப் படியுங்கள். ஒருவர் மட்டும் புதுமுறையில் வளர்த்து, மற்றவர் பழையபடி பெல்ட்டை எடுத்தால் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் முன்னால் "உங்கம்மா மாத்திரை போட்டாளான்னு கேளு" என்று பேசாதீர்கள். அவர் கோபப்படும்போதெல்லாம் அதை நோயின் கணக்கில் எழுதாதீர்கள். நியாயமான கோபமும் அவருக்கு உண்டு.

அவர் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில், இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நோய் திரும்பினால் எந்த டாக்டர், எந்த மருத்துவமனை, எது வேண்டாம், பிள்ளைகள் யாரிடம், ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, குழந்தைக்குத் தூங்கும்போது எந்தப் போர்வை வேண்டும், எதற்கு அழும், எந்த மாத்திரை அதற்கு ஒத்துக்கொள்ளாது. சிகிச்சை பற்றிய பகுதியை மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் சொல்லும் முன்கூட்டிய உத்தரவாகப் பதிவு செய்யலாம். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுதுவது அவராக இருக்கட்டும், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை, பிள்ளையின் வகுப்பு மாறும் ஜூன் மாதத்தில், அதை எடுத்துத் திருத்துங்கள்.